நாலு வயதுப் பையன் சொப்பு வைத்து விளையாடுகிறான், தடுக்க வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலு வயது. கோயில் நோம்பிக்குப் போன இடத்தில் மரச் சொப்பு வேண்டும் என்று அடம்பிடித்தான், வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து வாசலில் உட்கார்ந்து சோறாக்குவதும் குழம்பு ஊற்றுவதும்தான் அவனுக்கு வேலை. அப்பாரு (தாத்தா) பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ளை சாமானம் உனக்கெதுக்குடா" என்று பிடுங்கி அட்டாலியில் (பரணில்) போட்டுவிட்டார். அப்பா பொள்ளாச்சியிலிருந்து ரிமோட் கார் வாங்கி வந்தார். பையன் அந்தக் காரின் முதுகில் ஒரு மூடியை வைத்து, அதில் மண்சோறு போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறானாம். தெரிந்தவர் ஒருவர், "இப்பவே ஆளைப் பார்த்துத் திருத்தாட்டிப் பின்னாடி கஷ்டம்" என்று வேறு சொல்லிவிட்டார். தடுக்கலாமா, விடலாமா? பையன் ஒன்றையும் பெண் ஒன்றையும் தேடுவது பிறவியிலேயே வருவதா, நாம் பழக்குவதா? இதுதான் கேள்வி.

இதற்குள் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. "இவன் வளர்ந்தால் ஆம்பளையாக இருப்பானா" என்பதுதான் அப்பாருவின் பயம், அந்தத் தெரிந்தவரின் பயம், ஓரளவு உங்கள் பயமும். அதை ஒளிக்காமல் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் தொடக்கப்பள்ளியில் 31 வருடம் டீச்சராக இருந்தவள். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடும் அதற்கும் கீழே உள்ள சின்னக் குழந்தைகளோடும் கழிந்தது. டாக்டர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. குழந்தைகள் விளையாட்டைப் பற்றிப் பயிற்சியில் படித்தது, அப்புறம் ஆர்வத்தில் தேடிப் படித்தது, கண்ணால் பார்த்தது, இவ்வளவுதான் என் கையிருப்பு. முதலில் நேரான பதில்: தடுக்க வேண்டாம். சொப்பை அட்டாலியிலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

இனி அந்தப் பயம். பிரிட்டனில் 4500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூன்றரை வயதிலும் நாலே முக்கால் வயதிலும் அவர்கள் எப்படி விளையாடினார்கள் என்பதைப் பதினைந்து வயதில் யாரிடம் ஈர்ப்பு வருகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருந்தது. இதை நான் மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது பாதியை மட்டும் சொல்லி உங்களைப் பயமுறுத்துவார்கள், அதனால் நானே சொல்கிறேன். ஆனால் அந்தத் தொடர்பு சராசரியில் தெரிவது. ஒரு தனிப் பையனை எடுத்துக்கொண்டு இவன் இப்படித்தான் ஆவான் என்று சொல்ல அதனால் முடியாது. சோறாக்கி விளையாடிய பையன்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, எங்கள் ஊரிலேயே டெம்போ ஓட்டிக்கொண்டும் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், பொம்மைதான் ஒருவரை அப்படி ஆக்கியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒருவரின் ஈர்ப்பு எப்படி அமைய இருக்கிறதோ அது சொப்பு கொடுத்ததால் வருவதும் இல்லை, பிடுங்கியதால் போவதும் இல்லை.

"ஆளைப் பார்த்துத் திருத்த வேண்டும்" என்றவருக்கும் ஒரு வார்த்தை. ஒருவருடைய ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றப் பார்ப்பதைத் தடை செய்யச் சொல்லி 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்படிச் செய்கிற டாக்டர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. பெரியவர்களுக்கே இதுதான் நிலை. நாலு வயதுக் குழந்தையை, அதுவும் சோறாக்கி விளையாடியதற்காக, யாரிடமும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, பிறவியா பழக்கமா? இதில் ஓரளவு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வயது, ஒன்றரை வயதிலேயே, பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, பையன்கள் சக்கரம் வைத்தவற்றிடமும் பெண்குழந்தைகள் பொம்மைக் குழந்தைகளிடமும் கொஞ்சம் அதிகம் போகிறார்கள். பிறப்புக்கு முந்தைய ஹார்மோனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சில பெண்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் ஒரு கோளாறு இருக்கும். கருவிலேயே ஆண் ஹார்மோன் வகை அவர்களுக்கு அதிகம் சுரந்துவிடும். அவர்களைப் பெண்ணாகவேதான் வளர்க்கிறார்கள், ஆனாலும் வண்டி, கட்டைகள் பக்கம் அவர்கள் அதிகம் போகிறார்கள். 1992-லிருந்து பல தடவை பல ஆட்கள் பார்த்து ஊர்ஜிதமான விஷயம் இது. அதனால் எல்லாம் நாம் பழக்குவதுதான், பிறவியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிறவி என்று வாதிடுகிறவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுகிற குரங்கு ஆய்வுகளை நான் அவ்வளவு நம்புவதில்லை. 2002-ல் அமெரிக்காவில் வெர்வெட் குரங்குகளுக்கு ஆறு விளையாட்டுச் சாமான் கொடுத்தார்கள். பந்தையும் காரையும் ஆண் குரங்குகள் அதிக நேரம் வைத்திருந்தன, பொம்மையையும் சமையல் பாத்திரத்தையும் பெண் குரங்குகள். பார்த்தீர்களா, குரங்குக்கே தெரிகிறது என்றார்கள். குரங்கு என்றைக்கு அடுப்புப் பற்றவைத்தது? அதற்குச் சட்டி என்பது சட்டியே இல்லை, சிவப்பாக ஏதோ ஒரு பொருள். நிறமோ, பிடிக்கிற வாகோ, வேறு எதுவோ இழுத்திருக்கலாம். 2008-ல் ரீசஸ் குரங்குகளிடம் செய்தபோது ஆண் குரங்குகள் சக்கரச் சாமானைத்தான் அதிகம் நாடின, பெண் குரங்குகள் இரண்டையும் எடுத்து விளையாடின. ஆகவே அசைவதையும் உருட்டுவதையும் நோக்கி ஆணுக்கு ஒரு சின்னச் சாய்வு இருக்கலாம், அவ்வளவுதான். சமையல் பெண்ணின் ரத்தத்தில் இருக்கிறது என்று இதை வைத்து யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெரியவர்கள் தெரியாமல் செய்வது எவ்வளவு என்பதற்குச் சான்று இதைவிடத் திடமாக இருக்கிறது. 1978-ல் இங்கிலாந்தில் ஆறு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அதே குழந்தைக்கு ஒரு தடவை பையன் உடுப்பு, ஒரு தடவை பெண் உடுப்பு. யாரென்று தெரியாத அம்மாக்களிடம் அதைக் கொடுத்தால், பெண் என்று நினைத்தவர்கள் பொம்மையை நீட்டினார்கள், பையன் என்று நினைத்தவர்கள் சுத்தியலை நீட்டினார்கள். எனக்கு இதைவிட மனதில் தைத்தது 2000-ல் வந்த இன்னொன்று. பதினொரு மாதக் குழந்தைகள் சரிவான பலகையில் தவழ்ந்து இறங்க வேண்டும். எவ்வளவு சரிவு வரை உங்கள் குழந்தை இறங்கும் என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். பையன்களின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்குழந்தைகளின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். இறக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இறங்கின. அதைப் படித்த அன்று பள்ளியில் நான் வாய்விட்டுச் சொல்லும் வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். கொய்யா மரத்தில் பையன் ஏறினால் "மெதுவாடா" என்பேன். பெண் ஏறினால் "இறங்கு, விழுந்துடுவே" என்பேன். மரமும் கிளையும் ஒன்று, இரண்டு பேருக்கும் வயதும் ஒன்று.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதே அதனால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் ஒரு தகரப் பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் இருந்தது. பகிர்ந்து கொடுப்பது என் வேலை. பெண்களுக்குப் பொம்மையும் சொப்பும், பையன்களுக்குப் பந்தும் வண்டியும். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, கை தானாகவே அப்படிப் போகும். ஒருநாள் ஒரு பையன், ஐந்து வயது இருக்கும், துணி பொம்மை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு மூலையில் நின்றான். நான் போய் அதை வாங்கி, "ஆம்பளப் பையன் பொம்மையைத் தூக்குவானா" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அழவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முடிகிற வரை அவன் அந்தப் பெட்டிப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவன் அம்மாவைப் பார்த்தபோது, கையில் ஒரு மாதக் கைக்குழந்தை. "அண்ணங்காரன் ராத்திரியெல்லாம் துண்டைச் சுருட்டித் தோள்ல போட்டுத் தட்டறானுங்க டீச்சர், கதவைச் சாத்திட்டு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். தம்பியைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தையை நான் கதவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டேன். அவன் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் அந்த வருடத்தை நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. பொம்மையால் ஒரு பையன் கெட்டதை என் 31 வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு கேலியால் குழந்தை வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்தவளும் நானே.

வகுப்பு ஏன் சிரித்தது என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டரை, மூன்று வயதில் குழந்தைக்குத் தான் பையனா பெண்ணா என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் அது மாறாத ஒன்று என்பது ஆறு ஏழு வயது வாக்கில்தான் உறைக்கிறது. நாலு வயதுக் குழந்தையிடம் "இந்தத் தம்பி கவுன் போட்டால் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள், பலபேர் "பாப்பா" என்பார்கள். உடுப்பிலும் சாமானிலும்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிற வயதில், அதை அவர்கள் போலீஸ்காரர் மாதிரிக் காவல் காக்கிறார்கள். அதனால் உங்கள் மகனை அங்கன்வாடியில் யாராவது கேலி செய்தால், அந்தக் குழந்தையைக் கெட்ட பிள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் சிரிக்காமல் இருந்தால் போதும், வயதோடு அது தளரும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாமான்களைப் பகிர்ந்து கொடுப்பதை நிறுத்தினேன். பாயை விரித்துப் பெட்டியை நடுவில் கவிழ்த்துவிடுவேன், யாருக்கு எது வேண்டுமோ எடுக்கட்டும் என்று. இரண்டு மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பையன்கள் வண்டி, பெண்கள் பாத்திரம், பழையபடியேதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் சொப்பையெல்லாம் பாயிலிருந்து எடுத்து வெளியே பெஞ்சின் மேல் வரிசையாக வைத்து, ஒரு குடத்தில் தண்ணீர் வைத்து, "சாயாக்கடை திறந்தாச்சு" என்றேன். பையன்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் இரண்டு டம்ளரை எடுத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரை ஆற்றினான். பாதி அவன் சட்டையில்தான் விழுந்தது. அவன் அப்பா சாயாக்கடைக்காரர் இல்லை, ஆனால் தினமும் காலையில் அப்பாவோடு சாயாக்கடைக்குப் போகிறவன். மறுவாரம் "கல்யாணப் பந்தி" என்று வைத்தேன், அதற்கும் பையன்கள்தான் முந்தினார்கள். ஏன் என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அண்டா வைத்துச் சமைப்பது ஆண்கள்தான். கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உப்புப் பார்க்கிற மாஸ்டரைக் குழந்தைகள் பார்த்திருக்கிறார்கள். சமையலை அவர்கள் வெறுக்கவில்லை. வீட்டுச் சமையலறையில்தான் அவர்களுக்கு ஒரு ஆண் தென்படவில்லை.

எல்லையில் இருப்பதால் இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு இரண்டு அரசு பஸ் தெரியும். பாலக்காட்டிலிருந்து வருகிற கேரளா டிரான்ஸ்போர்ட்டில் பெண் கண்டக்டர்கள் சர்வசாதாரணம். பொள்ளாச்சியிலிருந்து வருகிற தமிழ்நாட்டு பஸ்ஸில் நான் கண்டது ஆண் கண்டக்டர்களைத்தான். பிள்ளைகள் பெஞ்சை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டும்போது "பாலக்காடு பாலக்காடு" என்று கூவினால் கண்டக்டராக ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு நிற்கும், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். "பொள்ளாச்சி" என்றால் பையன்தான். டிரைவர் இரண்டிலும் பையன். ஒரே பள்ளியில், வருடத்துக்கு இருபது முப்பது பிள்ளைகளிடம் ஒருத்தி பார்த்தது இது. இதை ஆய்வு என்று நான் சொல்லவில்லை, எண்ணிக் குறித்தும் வைக்கவில்லை. ஆனால் குழந்தை கண்ணில் பட்டதைத்தான் விளையாடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேரளத்தில் 2024-ல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவுகிற மாதிரிப் படம் போட்டார்கள். பேப்பரிலெல்லாம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் நாலு வயதுப் பையனுக்குப் படத்தில் இருக்கிற அப்பாவைவிடத் தன் வீட்டு அப்பாவே பெரிது.

"அந்தக் காலத்தில் இந்த வேறுபாடெல்லாம் ஏது" என்கிறவர்களும் உண்டு, "ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. பிள்ளைத்தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு பருவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில் பிரித்துவிடுகிறார்கள். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில் என்றால் அவன் வீடு கட்டி விளையாடுவான் என்று அர்த்தம் இல்லை. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் காலால் சிதைக்க வருவான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள், அதுதான் பருவம். ஆக, இந்தப் பிரிவினை வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. அதேசமயம் கடையில் இப்போது இருக்கிற ரோஸ் வரிசை, நீல வரிசை பழையதும் இல்லை. நம் மரச் சொப்பு சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத்தான் லாக்குப் பூசி வரும். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடையின் 1975 பட்டியலைப் பார்த்தவர்கள், ஏறக்குறைய எழுபது சதவீத விளையாட்டுச் சாமானில் ஆண், பெண் என்ற அடையாளமே இல்லை என்கிறார்கள். இன்றைய பிரிவு பெரும்பாலும் அதற்குப் பிறகு வியாபாரத்துக்காக இறுக்கியது. அண்ணன் சைக்கிளைத் தங்கை ஓட்டினால் கடைக்காரருக்கு ஒரு சைக்கிள்தான் விற்கும். இப்போது அந்தக் கட்டு கொஞ்சம் அவிழ்கிறது. லெகோ கம்பெனி 2021-ல் தன் சாமான்களிலிருந்து இந்தப் பாகுபாட்டை எடுப்பதாக அறிவித்தது.

விளையாட்டு என்பது கைப்பழக்கம். எதை விளையாடுகிறதோ அதில் குழந்தைக்குக் கையும் கண்ணும் வாயும் பழகும். கட்டை அடுக்குகிற, வண்டியைக் கழற்றி மாட்டுகிற குழந்தைக்கு இடம், வடிவம், திசை பிடிபடும். அந்தத் திறன் பயிற்சியால் கூடும் என்பது 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் உறுதியாகச் சொன்னது. பெண்குழந்தைகள் இதைத்தான் இழக்கிறார்கள். சோறாக்கி, பொம்மையைத் தூங்கவைத்து, "பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்று விளையாடுகிற குழந்தைக்குப் பேச்சு வளரும், இன்னொருவர் இடத்தில் நின்று பார்க்க வரும், ஒன்றுக்கப்புறம் ஒன்று என்று வரிசையாகச் செய்ய வரும். பையன்கள் இழப்பது இது. பெண்ணுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தால் முற்போக்கு என்கிறோம், பையனுக்குச் சொப்பு கொடுத்தால் முகம் சுளிக்கிறோம். சமையலையும் பிள்ளை வளர்ப்பதையும் தாழ்ந்த வேலை என்று மனதுக்குள் வைத்திருப்பதால்தான் இந்தச் சுளிப்பு என்று நான் நினைக்கிறேன். என்னுடைய இந்தக் கருத்தை நீங்கள் மறுக்கலாம். சந்தேகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்பி பொம்மையோடு ஐந்து நிமிடம் விளையாடிய சிறுமிகள் தங்களால் செய்ய முடிகிற வேலைகளைக் குறைத்துச் சொன்னார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் இருந்தது 37 சிறுமிகள். அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பார்பியைத் தூக்கி எறிய வேண்டாம்.

உடுப்பும் விளையாட்டைத் தீர்மானிக்கிறது, இதைப் பலபேர் யோசிப்பதில்லை. எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளியில் 2018 முதல் பையன், பெண் எல்லோருக்கும் முழங்கால் வரை ஒரே மாதிரி டிராயர். பாவாடையைப் பிடித்துக்கொண்டே பெண்கள் ஓட வேண்டியதில்லை. உங்களுக்கு நாளைக்கு ஒரு மகள் பிறந்தால் இது பொம்மையைவிடப் பெரிய விஷயம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. சொப்பை இறக்குங்கள், ஆனால் அப்பாரு இல்லாத நேரம் பார்த்து ஒளித்துக் கொடுக்காதீர்கள். ஒளித்துக் கொடுத்தால் அது தப்பான சாமான் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். அப்பாருவோடு வாதாடவும் வேண்டாம், அவர் காலத்துப் பயம் அது, பேரன் மேல் உள்ள பிரியத்தில்தான் வருகிறது. "மாமா, உங்களுக்கு ஒரு சாயா போட்டுத் தரணுமாம்" என்று பையனை அவரிடம் அனுப்புங்கள். வெறும் டம்ளரை வாங்கிக் குடிக்கிற மாதிரி ஒருதடவை செய்துவிட்டால், பெரும்பாலான தாத்தாக்கள் அதற்கு அப்புறம் சர்க்கரை பத்தவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கணவரிடம் ரிமோட் காரை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுவும் வேண்டும். காரில் சோறு கொண்டுபோகிற உங்கள் மகன் இரண்டையும் சேர்க்கத் தானே வழி கண்டுபிடித்துவிட்டான். பனங்காய் கிடைக்கிற காலத்தில் இரண்டு காயைக் குச்சியில் கோத்து நுங்கு வண்டி செய்து கொடுங்கள். சோறு ஏற்றிப்போக அது இன்னும் வசதி. யாராவது கேலி செய்தால் சொல்ல அவனுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள், "எங்க கடையில சாப்பாடு, உனக்கு வேணுமா?" என்பது மாதிரி. மறுமுனைக்கும் போக வேண்டாம். பையன் பொம்மை வைத்து விளையாடினால் கூட்டம் கூட்டிப் பாராட்டுவது, வேண்டாம் என்கிற குழந்தையின் கையில் திணிப்பது, இதெல்லாம் நம் ஆசைக்குச் செய்வது. கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் கிடக்கட்டும். ஒரு வாரம் எடுப்பான், ஒரு வாரம் தொடமாட்டான்.

எந்தச் சாமான் என்பதைவிட எப்படி விளையாடுகிறான் என்று கவனிப்பதுதான் பயன். கற்பனையாக விளையாடுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதில் துளிர்க்கும். மூன்று வயதுக்கு மேலும் அப்படிப் பாவனை விளையாட்டே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை, சக்கரத்தை மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போதும் நோயென்று நானோ நீங்களோ முடிவு கட்ட முடியாது, அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மண்ணைச் சோறாக்கி வீடு வீடாகக் கொண்டுபோகிற குழந்தையிடம் நீங்கள் எழுதியதை வைத்து அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள், இது அந்த ரிமோட் காரைப் பற்றி. இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து கம்பெனிச் சாமான்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். சில ரிமோட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தட்டை பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். பேட்டரி மூடி ஸ்குரு போட்டு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்க முடிகிறது என்றால் ஸ்குரு போடுகிற வரைக்கும் அந்த ரிமோட்டை அட்டாலியில் வையுங்கள்.